பையில் இல்லாத பூ

சென்ற வாரம் கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் அட்டெண்டராகப் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்து, "அண்ணே, இந்த வேலையில எதுல கவனமா இருக்கணும்?" என்று கேட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்று பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன். முழங்கால் ஒத்துழைக்காமல் முன்னதாகவே வேலையை விட்டு வந்தவன் நான். படிப்பும் ஐந்தாம் வகுப்புதான். பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடித் தகடு கழுவுவது, மைக்ராஸ்கோப்பைத் துடைத்து மூடுவது, பிளேடு பழசானால் மாற்றுவது எல்லாம் ஒரு மாதத்தில் கைக்குப் பழகிவிடும். அதைப் பற்றி நான் எழுத ஒன்றும் இல்லை. பழகாதவை வேறு.

முதலில் பெற்றோர்கள். மகனையோ மகளையோ சேர்க்க வருகிறவர்களுக்குப் பேராசிரியரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். வெளியே வந்ததும் வராண்டாவில் நிற்கும் நம்மிடம் கேட்பார்கள். வீரசோழனிலிருந்து வந்த ஜவுளிக்கடை பாய் ஒருவர் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"எம் மவன் டாக்டருக்குப் படிக்கணும்னான். எடம் கெடைக்கல. இப்ப எலை தழையப் படிக்கிறேங்கிறான். இதைப் படிச்சுட்டு ஆடு மேய்க்கப் போவானாப்பா?"

"ஆடு மேய்க்க மூணு வருசம் படிக்க வேண்டாங்க" என்றேன். எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. நல்லவேளை, அவர் சிரித்துவிட்டார்.

பிறகு நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன். எங்களிடம் படித்தவர்களில் சிலர் பள்ளிக்கூட வாத்தியார்கள். ஒருவர் காட்டிலாகாவில் இருக்கிறார். ஒருவர் விதை முளைக்குமா முளைக்காதா என்று பரிசோதிக்கும் அரசாங்கக் கூடத்தில் இருக்கிறார். ஒருவர் மதுரையில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கிறார், கலப்பட வேரை அவர் கண்ணிலிருந்து மறைக்க முடியாது. ஒருவர் பேங்கில் உட்கார்ந்திருக்கிறார், அவர் படித்த எதுவும் அங்கே தேவைப்படவில்லை. இரண்டு பேர் அப்பாவின் கடையிலேயே இருக்கிறார்கள். இந்தக் கடைசி ஆட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவருடைய பிள்ளை விஷயம் அது. நல்லதை மட்டும் பொறுக்கிச் சொன்னால் அடுத்த வருடம் அவர் முகத்தில் நம்மால் விழிக்க முடியாது.

அப்படிக் கேட்டவர்களில் பரளச்சிக்காரர் ஒருவரும் உண்டு. முன்பு அடுத்தவர் புஞ்சையில் கூலிக்கு உழுதவர். அப்போது பருத்தி மில்லில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் பேச்சியம்மாள் எங்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. கடைசி வருடம். வகுப்பில் பெண்பிள்ளைகள் ஒரு கைவிரலுக்குள் அடங்குவார்கள். அவளைச் சேர்க்கும்போது அப்பா ஒன்றும் கேட்கவில்லை. படிப்பு முடியப்போகும் நேரத்தில்தான் வந்து கேட்டார்.

"தம்பி, இதுக்கு மேலயும் படிப்பு இருக்காமே?"

"இருக்குண்ணே. மதுரைல எம்.எஸ்ஸி. அதை முடிச்சா காலேஜ்லயே பாடம் நடத்தலாம்."

"எல்லாருக்கும் எடம் குடுப்பாகளா?"

"பர்ஸ்ட் கிளாஸ் வாங்கினா குடுப்பாக."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டினார். "அவ அத்தை மகன் ஒருத்தன் இருக்கான். ரெண்டு வருசமா எங்க அக்கா நச்சரிக்கிறா. வீட்டுலயும் அந்தப் பேச்சுத்தான். நான் சொல்லிட்டேன். பர்ஸ்ட் கிளாஸ் வந்தா மதுரை, வரலைன்னா வைகாசில கல்யாணம். பிள்ளையும் சரின்னுருச்சு."

இப்படி ஒரு பேச்சு முடிந்திருப்பது தெரிந்தவர்கள் அந்த வீட்டாரும் நானும்தான். பேச்சியம்மாள் எழுத்துத் தேர்வு நன்றாகவே எழுதியிருந்தாள். செய்முறைத் தேர்வுதான் மிச்சம்.

செய்முறைத் தேர்வுக்குச் செடி கொண்டுவருவது நம் வேலை. பூவோடு கூடிய செடியை மேசையில் வைப்போம். சீட்டில் எது வருகிறதோ அதை மாணவன் அறுத்துப் பிரித்துப் பார்த்து, இன்ன குடும்பம் என்று எழுதி, படம் வரைய வேண்டும். என்ன செடி என்பது முந்தின நாள் துறைத் தலைவருக்கும் நமக்கும் மட்டும்தான் தெரியும். அதனால் தேர்வுக்கு முந்திய வாரம் முழுக்கப் பையன்கள் நம் பின்னாலேயே திரிவார்கள். நான் வெளிக்குப் போனால்கூட இரண்டு சைக்கிள் தூரத்தில் நிற்கும். "ஏலே, அண்ணன் கம்மாய்ப் பக்கம் போறாருடா" என்று ஒருவன் கத்துவான். சாயங்காலம் பார்த்தால் அத்தனை பேரும் கம்மாய்க்கரைச் செடிகளைப் படித்துக்கொண்டிருப்பார்கள். துறைத் தலைவர் சிரிப்பார். "ஒன்னை நாலு தெசைக்கும் அனுப்பினா இவனுக மொத்தப் பாடத்தையும் படிச்சிருவானுகளே" என்பார்.

எங்களிடம் செடி எடுத்துவர நீளமான தகரப்பெட்டி ஒன்று உண்டு. அதைத் தூக்கினால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் தேர்வு நாளில் மட்டும் ஈரத்துணியில் சுற்றி, கறிகாய் வாங்கும் சாதாரணத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வருவேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் மழை இல்லை. அருப்புக்கோட்டையைச் சுற்றிப் புல்லும் கருகிக் கிடந்தது. ஆவாரையும் துத்தியும் எங்கேயாவது கிடைக்கும். மூன்றாவதாகத் தலைவர் சொன்னது நாய்த்துளசி. அதற்கு ஈரம் வேண்டும். பரளச்சிக்கு இந்தப் பக்கம் ஒரு கிணற்றுத் தோட்டத்தில் வாய்க்கால் ஓரம் அது நிற்பது எனக்குத் தெரியும். விடிந்ததும் போய் மூன்றையும் எடுத்துக்கொண்டு, திரும்பி வரும் பஸ்ஸில் ஏறினேன். திருவிழாக் கூட்டம் போல் நெருக்கம். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை.

பக்கத்து சீட்டில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அன்றைக்குத்தானே தேர்வு, அதே பஸ்ஸில்தானே வருவாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"அண்ணே, பையக் குடுங்க. மடில வச்சுக்கிறேன்."

நம் பக்கம் பஸ்ஸில் இது வழக்கம். நிற்கிறவர் பையை உட்கார்ந்திருக்கிறவர் வாங்கி வைத்துக்கொள்வார்கள். யார், எவர் என்று பார்ப்பதில்லை. தகரப்பெட்டியாக இருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"இருக்கட்டும் தாயி" என்றேன்.

"கீழ விழப்போறீக அண்ணே, குடுங்க."

அவள் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "குடுத்தாத்தான் என்னப்பா? உள்ள என்ன புதையலா கட்டிவச்சிருக்க?" நாலு பேர் சிரித்தார்கள். அதற்குள் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. பேச்சியம்மாள் பையைப் பிடித்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கினால் அதற்குள் இருப்பது இன்னதென்று நானே கூவிச் சொன்னது போல் ஆகும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பையின் வாயை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அருப்புக்கோட்டை வரை என் பக்கம் திரும்பவில்லை. இறங்கும்போது பையை நீட்டினாள். வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால், படிக்கட்டில் அவள் வகுப்பு குணசேகரன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். டவுனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் மகன். சித்தி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறான். நன்றாகப் படிக்கிற பையன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்டிப்பானவர். நான் செடிகளைத் தட்டில் வைத்து மூடிக்கொண்டிருக்கும்போதே வராண்டாவில் சத்தம் கேட்டது. குணசேகரன் மற்றவர்களிடம் சொல்லிவிட்டான். சொன்னது தேர்வாளர் காதிலும் விழுந்துவிட்டது. துறைத் தலைவர் அறைக்குள் எங்கள் மூவரையும் கூப்பிட்டார்கள்: குணசேகரன், பேச்சியம்மாள், நான்.

தலைவர் என்னைப் பார்த்தார். "சண்முகம், பை இந்தப் பொண்ணு மடியில இருந்துச்சா?"

தம்பிகளே, இந்த இடத்தில் நின்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பார்த்தவன் ஒருவன்தான். "அது வேற பை சார், வீட்டுக்கு வாங்கின கத்திரிக்காய்" என்று சொன்னால் அங்கேயே முடிந்துவிடும். ஒரு பெண்ணின் படிப்பு என் வாயில் இருந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்போது ஒன்று தோன்றியது. அடுத்து அவளிடம் கேட்பார்கள். அவளும் நானும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. அவள் உள்ளதைச் சொன்னால் என் பொய் அவளைக் கள்ளியாக்கும். அவள் எனக்காகப் பொய் சொன்னால் அது அதைவிட மோசம். பேசிவைக்காத இரண்டு பேர் ஒன்றுபோலச் சொல்லக்கூடியது உண்மை மட்டும்தான்.

"இருந்துச்சு சார்" என்றேன். "கூட்டம். அதுவா வாங்கி வச்சுக்கிருச்சு. தொறக்கல. நான் பக்கத்துலயே நின்னேன்."

தேர்வாளர் பேச்சியம்மாளிடம் திரும்பினார். "திறந்து பாத்தியாம்மா?"

"பாக்கல சார்." அவள் தேர்வாளரை நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா ஒண்ணு தெரியும் சார். நாய்த்துளசி. வாடை வந்துச்சு."

அறையில் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. குணசேகரன் தரையைப் பார்த்தான். "சார், ஒண்ணு தெரிஞ்சாலும் தெரிஞ்சதுதானே சார்" என்றான், முன்பிருந்த வேகம் இல்லாமல்.

"நீ சொல்றது சரி" என்றார் தேர்வாளர். அவர் நினைத்திருந்தால் அவள் தேர்வை நிறுத்திவைத்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கலாம். பிறகு அடுத்த வருடம்தான். இந்த வைகாசிக்குள் அடுத்த வருடம் வராது. தலைவர் எழுந்து நின்றார். "உங்க முடிவுதான்" என்று மட்டும் சொன்னார். கெஞ்சவில்லை.

தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மத்தவங்களுக்கு இதே மூணு செடி இருக்கட்டும். நாய்த்துளசியை எடுத்துட்டா மத்தவனுக்குச் செடி பத்தாது. இந்தப் பொண்ணுக்கு மட்டும் பையில இல்லாத ஒண்ணு வேணும்." என்னைப் பார்த்தார். "என்னப்பா, மணி அடிக்கிறதுக்குள்ள கெடைக்குமா?"

வெளியே ஓடினேன். கூப்பிடு தூரத்துக்குள் அந்தச் சித்திரை வெயிலில் பூத்து நின்றவை இரண்டுதான். ஆய்வகத் தொட்டித் தண்ணீர் வடிகிற இடத்தில் நித்தியகல்யாணி. கேட்டுக்கு வெளியே சரளையில் எருக்கு.

நித்தியகல்யாணி சுலபம். வகுப்பில் எத்தனையோ தடவை அறுத்திருக்கிறார்கள். எருக்கு அப்படி இல்லை. அதன் மகரந்தம் தூளாக இருக்காது. இரண்டு சின்னப் பைகளாக, ஒரு கொக்கியில் ஜோடியாகத் தொங்கும். நடுவிலிருக்கும் ஐந்துமூலைக் குமிழில் அது ஒளிந்திருக்கும். ஜோடி பிரியாமல் ஊசியால் வெளியே தூக்க வேண்டும். நான் அதைப் படித்தவன் இல்லை. எருக்கு வைத்த தேர்வு முடிந்ததும் தட்டுக் கழுவுகிறவன். தட்டு முழுக்க நசுங்கிப்போன பூவாகக் கிடக்கும். எது கஷ்டம் என்பதைக் குப்பைதான் எனக்குச் சொல்லும்.

நித்தியகல்யாணியைக் கொண்டுபோனால் அட்டெண்டர் மறுபடியும் காப்பாற்றிவிட்டான் என்பார்கள். எருக்கைக் கொண்டுபோனால் என் பெயருக்குப் பயந்து ஒரு பெண்ணின் மார்க்கை நான் வெட்டினேன் என்றாகும். இரண்டிலும் முதலில் எனக்கு என்ன ஆகும் என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பது வெயிலில் நிற்கும்போது உறைத்தது. இரண்டையும் ஒடித்தேன். கொண்டுவருவது நம் வேலை. எதைக் கொடுப்பது என்று தீர்மானிப்பது நம் வேலை இல்லை. அந்த நேரத்தில் அந்த ஆசை வரும், தம்பிகளே. நல்ல எண்ணத்திலேயே வரும்.

மேசையில் இரண்டையும் வைத்து, "பக்கத்துல இதுதான் சார் இருக்கு" என்றேன்.

தேர்வாளர் கை நித்தியகல்யாணிப் பக்கம் போனது என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் தலைவர் எருக்கங்கொத்தை எடுத்தார். பால் அவர் விரலில் வழிந்தது.

"இதைக் குடுங்க."

"இது செரமமாச்சே சார். உங்க ஸ்டூடண்டு."

"செரமந்தான். நாளைக்கு அந்தப் பொண்ணு வாங்குற மார்க்கைப் பத்தி ஒரு வாய் பேசக் கூடாது."

அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் எந்த மனிதர்மேலும் வந்ததில்லை. பேச்சியம்மாள் மதுரைக்குப் போக இருக்கிற ஒரே கதவை இவர் சாத்துகிறாரே என்று நினைத்தேன். அவருக்கு அந்த வைகாசிப் பேச்சு தெரியாது. சொல்லலாமா என்று பார்த்தேன். சொன்னால் மனம் இரங்கித் தேர்வை நடத்தச் சொல்வதாக ஆகும். சொல்லவில்லை. இப்போதும் அது சரியா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அவள் மேசையில் ஒரு கிண்ணம் தண்ணீரும் துணியும் வைத்தேன். வைக்கும்போது, "தாயி, கண்ணுல கைய வச்சிராத" என்றேன். தேர்வாளர் அதைத் தடுக்கவில்லை.

மற்றவர்கள் பிளேடை எடுத்து அறுக்க ஆரம்பித்தார்கள். நாய்த்துளசி என்பது குணசேகரன் காதிலும் விழுந்ததால் அவனுக்கு மற்ற இரண்டுக்கு மட்டும் சீட்டுப் போட்டார்கள், துத்தி வந்திருந்தது. பேச்சியம்மாள் பிளேடைத் தொடவே இல்லை. எருக்கங்கொத்தைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு ஒரு பூவை எடுத்து, பால் வடிந்து அடங்கும்வரை துணியில் ஒற்றினாள். இரண்டு கட்டைவிரல் நகத்தாலும் இதழ்களைக் கீழே மடக்கி ஒரு தட்டுத் தட்டினாள். நடுக்குமிழ் சிதையாமல் முழுசாகக் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

புத்தகத்தில் இந்த வழி இல்லை. ஆனால் எனக்கு அது தெரியும். எங்கள் தெருப் பெண்பிள்ளைகளும் செய்வார்கள். வேறு விளையாட்டுச் சாமான் இல்லாத காட்டில் எருக்கம்பூவின் நடுக்குமிழைக் கழற்றி எச்சில் தொட்டு மூக்கில் ஒட்டிக்கொள்வார்கள். அதுதான் மூக்குத்தி. சிதைந்த குமிழ் ஒட்டாது. அதனால் சிதையாமல் எடுக்கப் படித்திருப்பார்கள். பரளச்சிக் காட்டில் பேச்சியம்மாள் எத்தனை மூக்குத்தி கழற்றிப் போட்டிருப்பாளோ. அப்புறம் ஊசியை எடுத்து, லென்சின் அடியில், குமிழின் மூலையைத் தொட்டாள். ஜோடிப் பை அப்படியே ஊசி நுனியில் வந்தது.

எது கஷ்டம், எது சுலபம் என்று நான் வெயிலில் நின்று பெரிதாகக் கணக்குப் போட்டேன் அல்லவா? என் கணக்கில் அவளே இல்லை. தலைவர் கணக்கிலும் இல்லை.

தேர்வு முடிந்து குழாயடியில் எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். குணசேகரன் தயங்கித் தயங்கி அவள் பக்கம் போனான்.

"பேச்சி, நான் பாத்ததத்தான் சொன்னேன். வேணும்னு சொல்லல."

"சொன்னா சொல்லிட்டுப் போ" என்றாள் அவள், நிமிராமல். "சீட்டுல நாய்த்துளசி வந்திருந்தா நான் அம்புட்டுத்தான். அந்தச் சின்னப் பூவைப் பிரிக்க எனக்கு இந்த சென்மத்துல வராது. நீதான்டா என்னையக் காப்பாத்துன."

அவன் என்னைப் பார்த்தான். நான் தட்டுகளை அடுக்க உள்ளே போய்விட்டேன். சிரித்தால் அவன் மனசு நோகும்.

முடிவு வந்த அன்று அவளுடைய அப்பா மில்லிலிருந்து நேராக வந்தார். உடம்பெல்லாம் பஞ்சு. பலகையில் ஒட்டியிருந்ததை அவரால் வாசிக்க முடியாது. "நீயே பாரு தம்பி, எனக்குக் கண்ணு வேற சரியில்ல" என்றார். நான் விரல் வைத்து மேலிருந்து கீழே வந்தேன். பெயர் இருந்தது. பக்கத்தில் முதல் வகுப்பு என்றும் இருந்தது. விரலை எடுக்காமல் இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. வராண்டாப் படியில் போய் உட்கார்ந்தார். கையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கீழே போட்டார். அக்காவுக்கு என்ன பதில் சொல்வது, பெண்டாட்டிக்கு என்ன சொல்வது என்று எண்ணுகிறாராக்கும் என்று நான் ஒதுங்கி நின்றேன். மனசு மாறிவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது.

"தம்பி."

"சொல்லுங்கண்ணே."

"மதுரை ஹாஸ்டல்ல சோறு எப்படி இருக்கும்?"

"நான் தின்னதில்லண்ணே. நல்லா இருக்காதுன்னுதான் பிள்ளைக சொல்லும்."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து, ஒட்டியிருந்த பஞ்சை உதறினார்.

"ஊறுகாய் போட்டுக் குடுத்து விட்டுருவோம்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.